பேசாத படத்தில் பொறாமை

ஐயா,

ஞாயிறு இணைப்பில் மௌனப்படங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வசனம் இல்லாததால் புருஷன் பெண்டாட்டி சந்தேகத்தையெல்லாம் அந்தக் காலத்தில் அழுத்தமாகக் காட்ட வழியில்லை, சிரிப்புப் படங்கள்தான் நின்றன என்கிறார் கட்டுரையாளர். வடசென்னையில் 32 வருடம் தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்தவன் நான். ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

ஜெர்மனியில் 1923-ல் ஆர்தர் ராபிசன் எடுத்த ‘ஷாட்டன்’ படத்தைப் பேரன் போட்டுக் காட்டினான். நிழல்கள் என்று அர்த்தம். நடுநடுவே எழுத்தில் வருகிற வசன அட்டைகூட இல்லாமல் கதை ஓடுகிறது. வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே மனைவியும் விருந்துக்கு வந்த ஆண்களும். திரைச்சீலையில் விழுகிற நிழலில் அவர்கள் கைகள் அவளைத் தடவுகின்றன. உண்மையில் அவர்கள் எட்டத்தான் நிற்கிறார்கள், கை காற்றில்தான் அலைகிறது. வெளியே நிற்கிற மனுஷனுக்கு அது தெரியாதே! அப்புறம் நிழலாட்டக்காரன் ஒருவன், இந்தச் சந்தேகம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அவர்களுக்கே ஆட்டிக் காட்டுகிறான். நம்ம ஊர் தோல்பாவைக்கூத்து மாதிரிதான். வேலை முடிந்ததும் பன்றி மேல் ஏறிக்கொண்டு கிளம்பிவிடுகிறான்.

எனக்கும் அப்படி ஒரு ராத்திரி உண்டு. கல்யாணமான புதிது. பக்கத்து வீட்டுப் பெண்களோடு மனைவி செகண்ட் ஷோவுக்கு வந்திருந்தாள். கேபின் ஓட்டை வழியாகப் பார்த்தால், திரையின் கீழ் ஓரத்தில் அவள் தலையும் ஓர் ஆண் தலையும் ஒட்டிக்கொண்டு கறுப்பாகத் தெரிகின்றன. புரொஜக்டரில் வெளிச்சத்துக்காக எரிகிற கார்பன் குச்சியைத் தள்ளவே மறந்துவிட்டேன். படம் மங்கி, தரை டிக்கெட்டிலிருந்து ஒரே விசில். இடைவேளையில் விளக்கு எரிந்தது. அந்த ஆள் அவளுக்கு நாலு வரிசை முன்னால் இருக்கிறார், தோளில் தூங்குகிற குழந்தை.

இதற்கு என்ன வசனம் எழுதுவது? மருமகள் பார்க்கிற சீரியலில் ஒரு சந்தேகத்துக்கு மூன்று தடவை முகத்தைக் காட்டி இடி இடிக்க வைக்கிறார்கள்.

கீழ்ப்பாக்கத்தில் நடராஜ முதலியார் எடுத்த மௌனப்படம் ‘கீசக வதம்’ ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. மிஞ்சியிருக்கிற இந்த மாதிரிப் படங்களைப் பற்றியும் இணைப்பில் எழுதச் சொல்லுங்கள்.

கடிதத்தைப் போட்டால் என் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த ராத்திரி விஷயத்தை வீட்டில் இன்றுவரை சொன்னதில்லை. அவளோ உங்கள் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவள்.

— ஓய்வுபெற்ற ஆபரேட்டர், வியாசர்பாடி, சென்னை