கராந்தெக் கரையாருக்கு ஒரு நன்றி மடல்

யூலையில் ஒரு கிழமை பிரான்சின் மேற்கு மூலையில் இருக்கிற பிரெத்தான் கரையில் நின்றுவிட்டு, பரிசுக்குப் பக்கத்து லா குர்னேவுக்குத் திரும்பிப் பத்து நாளாகிறது. காருக்குள் இன்னும் மணல். நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு மகள் பிரெஞ்சில் தனியே எழுதி அனுப்பிவிட்டாள். இது எங்கட ஆட்களுக்கும், அடுத்த கோடையில் அந்தப் பக்கம் வெளிக்கிட நினைக்கிறவர்களுக்கும்.

முதல் நன்றி, ஏழு பேர் இருக்கிற வாகனத்தைத் தந்த எங்கள் ஊர்த் தம்பிக்கு. "அக்கா, டீசலை மட்டும் அடிச்சுத் தாங்கோ" என்றார். பரிசிலிருந்து 500 கிலோமீற்றருக்கு மேல். லா கிராவெல் சுங்கச்சாவடியைத் தாண்டினால் பிரெத்தானுக்குள் பெருந்தெருவுக்குக் காசே இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் என் கணவருடைய முகம் கொஞ்சம் தெளிந்தது.

நாங்கள் தங்கியது பினிஸ்தேர் மாவட்டத்தின் வடகரையில், மொர்லே குடாவின் வாசலில் இருக்கிற கராந்தெக் என்ற சின்ன ஊரில். வீட்டுக்காரம்மா எழுபது தாண்டியவர். திறப்போடு சேர்த்து ஒரு சின்னப் புத்தகத்தையும் என் கையில் வைத்து, "வீட்டுத் திறப்பு தொலைந்தால் பரவாயில்லை, இதைத் தொலைக்காதீர்கள்" என்றார். அது வற்றுப்பெருக்கு நேர அட்டவணை. சிரித்துக்கொண்டு வாங்கி, மேசையில் போட்டுவிட்டோம். வீட்டுக்காரம்மா, எனக்குச் சிரிக்க மட்டும்தான் தெரிந்திருந்தது. மன்னியுங்கள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என் அம்மா மயிலிட்டியில் பிறந்தவர். 1990 இல் வெளிக்கிட்டவர். 2017 இல் துறைமுகத்தைத் திரும்பக் கையளித்தபோதும் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் கடல் என்றால் யாரும் அவருக்குப் பாடம் எடுக்க முடியாது. எங்கட கடலில் வற்றும் பெருக்கும் முழங்காலுக்கு மேல் போகாது. கராந்தெக்கில் முதல் நாள் காலை யன்னலைத் திறந்து பார்த்தவர் கத்தின கத்தில் பிள்ளைகள் எழும்பிவிட்டார்கள்.

"பிள்ளை, இந்தக் கடல் எங்கை போட்டுது?"

முந்தின நாள் பின்னேரம் படகு மிதந்த இடத்தில் அது சேற்றில் சரிந்து கிடந்தது. பெரிய வற்று நாட்களில் அந்தக் கரையில் தண்ணீர் எட்டு மீற்றருக்கும் மேல் ஏறி இறங்கும். எவ்வளவு பெரிய வற்று என்பதை ஓர் எண்ணால் சொல்வார்கள்: 20 என்றால் சோம்பல் கடல், 120 என்றால் பேய்க்கடல். பாண் வாங்க நிற்கிறவர்கள்கூட அந்த எண்ணைச் சொல்லித்தான் கதைக்கிறார்கள்.

மூன்றாம் நாள் அந்த எண் 98. அன்றைக்குத்தான் ஊருக்கு எதிரே இருக்கிற கலோ தீவுக்குப் போனோம்.

கலோவுக்குப் பாலம் கிடையாது. கடல் வற்றினால் நடுவில் ஒரு தெரு வெளியே வரும், பெருகினால் அது தண்ணீருக்கு அடியில். பத்து மணிக்குக் கடலுக்கு நடுவால் நடந்து போனோம். தீவின் மேட்டில் மாதாவின் சிற்றாலயம் ஒன்று உண்டு. அம்மா சைவம்தான், ஆனால் மடுவுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தின கை அது. இங்கேயும் ஒன்று கொளுத்தினார். கிழக்கே பார்த்தால் தண்ணீருக்கு நடுவில் தோரோ கோட்டை. 1522 இல் ஆங்கிலேயர் மொர்லே நகரைக் கொள்ளையடித்த பிறகு, குடாவின் வாயை அடைக்க ஊரார் கட்டிய கோட்டை அது. மகன் அதைப் பார்த்தபடியே இரண்டு பாண் துண்டு தின்றான்.

தெரு மூடுகிற நேரத்தை இவர் காலையிலேயே ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்தார். படத்தில் பிழை இல்லை. பார்த்த வரிதான் அடுத்த நாளுக்குரியது. அந்த நாட்களில் வற்றுநேரம் நாளுக்கு ஏறக்குறைய 40 நிமிடம் பிந்திக்கொண்டே போகும். நாங்கள் ஆடிப்பாடி இறங்கி வரும்போது தெருவின் நடுப்பகுதி போய்விட்டது. இரண்டு பக்கமும் ஆறு மாதிரி இழுவை. "கணுக்கால் அளவுதானே, ஓடிப் போகலாம்" என்றார் இவர். அம்மா அவருடைய சேட்டைப் பிடித்து இழுத்தார். தண்ணீர் ஓடுகிற வேகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

அந்த நேரத்தில் உழவு இயந்திரத்தோடு வந்தவர் நீங்கள், சிப்பி வளர்க்கிற ஐயா. திட்டவில்லை. மணிக்கூட்டைப் பார்த்து, "இனிப் பத்து மணிக்குத்தான்" என்றீர்கள். அப்போது நான்கு மணி தாண்டியிருந்தது. பிறகு மகனைக் கூப்பிட்டு, நடுவில் அகப்பட்டால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுத்தீர்கள்: தண்ணீருக்குள் இறங்காதே, உயரமான இடத்துக்குப் போ, 196 ஐ அழை. கடல் ஆபத்துக்கு என்று பிரான்ஸ் முழுக்க அந்த ஒரே இலக்கம்தான். மீட்புப் படகில் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள் என்றும், அவர்களைச் சும்மா அலைய விடக்கூடாது என்றும் சொன்னீர்கள். மகன் 196 ஐப் புறங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டான். இரண்டு நாள் கழுவ விடவில்லை.

உங்கள் அக்காவின் வீட்டில் அந்த ஆறு மணித்தியாலத்தையும் கழித்தோம். அம்மாவுக்கு நீரிழிவு, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று மகள் சொன்னதும், அந்த அக்கா ஒரு சொல் கேட்காமல் அடுப்பில் கல்லை வைத்தார். கறுப்புக் கோதுமை மாவில் கலெத், மேலே ஒரு முட்டை, உப்பு வெண்ணெய். அம்மா கிள்ளி வாயில் வைத்துவிட்டு, "குரக்கன் தோசை" என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. மாவை எத்தனை மணித்தியாலம் ஊற விடுவது என்பதைக் கையாலேயே பேசி முடித்தார்கள்.

ஏழு மணிக்குப் பெருக்கு உச்சம். நாங்கள் நடந்து வந்த தெருவுக்கு மேலால் ஒரு பாய்ப்படகு போனது. மகள் அதைப் படம் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைக்கு அது பெரிய காரியம்.

அந்த அக்கா சொன்ன ஒன்றை நான் மறக்கவில்லை. அவருடைய தாயார் பள்ளிக்கூடத்தில் அந்த மண்ணின் சொந்த மொழியான பிரெத்தோனில் ஒரு சொல் பேசினதற்காகக் கழுத்தில் மரச் செருப்பைக் கட்டித் தொங்கவிட்டார்களாம். அடுத்ததாகப் பேசி அகப்படுகிற பிள்ளைக்கு அதை மாற்ற வேண்டும். ஆகவே பிள்ளைகள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பார்கள். தாயார் பிறகு தன் பிள்ளைகளோடு அந்த மொழி பேசவே இல்லை. இப்போது பேரப்பிள்ளை, 1977 இல் தொடங்கிய திவான் பள்ளிகளில் ஒன்றில் அதே மொழியில் கணக்குப் படிக்கிறான். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றுவலி வருகிற என் மகள் அன்று நிறையக் கேள்வி கேட்டாள். பிரெத்தோனில் நன்றிக்கு "த்ருகாரெஸ்". அதை முதலில் சரியாகச் சொன்னது என் அம்மா, எங்களில் யாரும் இல்லை.

பத்து மணிக்கு, வெளிச்சம் இன்னும் முழுக்கப் போகாத நேரத்தில், கடற்பாசி வழுக்குகிற தெருவில் நீங்கள் உழவு இயந்திர விளக்கோடு எங்களுக்கு முன்னால் மெல்லப் போனீர்கள். த்ருகாரெஸ், ஐயா.

மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன். பரிசில் மருந்துப் பையை மறந்துவிட்டு வந்த எங்களுக்கு, பழைய மருந்துச் சீட்டைப் பார்த்து ஒரு பெட்டி தந்து உதவிய மருந்தகப் பிள்ளைக்கு நன்றி. உவெல்குவா காட்டில், 137 தொன் எடையுள்ள ஆடும் பாறையை எந்த இடத்தில் முதுகைக் கொடுத்துத் தள்ள வேண்டும் என்று காட்டிய பெரியவருக்கு நன்றி. பாறை ஆடினது உண்மை. தான்தான் ஆட்டினேன் என்று மகன் இன்னும் சொல்லித் திரிகிறான். மட்டி பொறுக்கும்போது, அளவில் சின்னதைத் திரும்பப் போடவும், புரட்டின கல்லைப் புரட்டினபடியே விடாமல் பழையபடி வைக்கவும் பழக்கிய பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் நன்றி. கல்லுக்கு அடியில் இருக்கிறது வேறொருவரின் வீடு என்றாள் அதில் சின்னவள்.

ரொஸ்கோஃபில் இளஞ்சிவப்பு வெங்காயப் பிணையல் விற்ற அண்ணைக்கு ஒரு தனி நன்றி. இந்த ஊர் ஆட்கள் 1828 தொடக்கம் இதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், பிறகு சைக்கிளில் தொங்கவிட்டு, இங்கிலாந்தில் வீடு வீடாக விற்றவர்கள். ஒன்றை உரித்து அம்மாவிடம் நீட்டினார். "எங்கட சின்ன வெங்காயத்தின்ர பெரியப்பன்" என்று தீர்ப்பு வந்தது. இரண்டு பிணையல் வாங்கினோம். கடைசி இரவு வீட்டுக்காரம்மாவுக்கு வைத்த நண்டுக் கறியில் பாதிப் பிணையல் போனது. அவருக்கு உறைப்பில் கண்ணால் தண்ணீர் ஓடியது, ஆனால் கோப்பையில் ஒன்றும் மிச்சம் இல்லை. யாழ்ப்பாணத் தூள் ஒரு போத்தல் அவருடைய சமையலறையில் இருக்கிறது. கரண்டிக் கணக்கை மகள் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

கடைசியாக, கலோ அக்காவுக்கு ஒரு மன்னிப்பு. அன்றிரவு குளிருக்கு அம்மாவுக்குப் போட்டுவிட்டீர்களே, நீலக் கோடு போட்ட கம்பளிச் சட்டை. அது எங்களோடு வந்துவிட்டது. தபாலில் அனுப்ப உறையும் வாங்கி வைத்திருக்கிறேன். இந்த வெயிலிலும் அம்மா அதைக் கழற்ற மாட்டேன் என்கிறார்.