குறை விளையாட்டில் இல்லை, டிவியில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் வீட்டு வீடியோ கேம் பெட்டிகளின் தொடக்க காலம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வரலாற்றுப் பகுதி சிறப்பாக இருந்தது. முடிவுரைதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. அட்டாரி காலத்து விளையாட்டுகளில் இன்று மிஞ்சியிருப்பது ஏக்கம் மட்டுமே, இன்றைய பிள்ளைகள் ஐந்து நிமிடம் கூடத் தாங்க மாட்டார்கள் என்று கட்டுரையாளர் தீர்ப்பு எழுதிவிட்டார். அதற்குச் சில வரிகள் முன்னால்தான், தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் 55 அங்குல எல்.இ.டி. டிவியில் இணைத்து ஆடிப் பார்த்ததாகச் சொல்கிறார். டிவி பழுதுபார்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு அந்த இடத்திலேயே விஷயம் பிடிபட்டுவிட்டது.

மதுரையில் 1980-களின் பின்பாதியில் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அப்போது வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் பெட்டியோடு பெட்டியாக அட்டாரி 2600 என்ற வீடியோ கேம் பெட்டியையும் கொண்டுவருவார்கள். அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் நம் ஊர் டிவியில் படம் மேலும் கீழும் உருளும். வெர்ட்டிகல் ஹோல்டைத் திருகி நிறுத்தினால் கறுப்பு வெள்ளையில் நிற்கும், சத்தம் வராது. வளைகுடாவிலிருந்து வந்ததென்றால் தொல்லையில்லை, அங்கேயும் பெரும்பாலும் நம்மைப் போல 'பால்' (PAL) என்கிற டிவி ஒளிபரப்பு முறைதான். அப்படி ஒரு குடும்பம் என்னிடம் பழுதுபார்க்கக் கொடுத்த பெட்டியை வாங்கிக்கொள்ளாமலே ஊர் மாறிப் போனது. பிறகு விசாரித்தபோது, "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். அட்டைப்பெட்டி நிறைய விளையாட்டுக் கேசட்டுகளோடு அது இன்றும் என் கடையில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு 14 அங்குல பிக்சர் டியூப் டிவியில்.

அந்த டிவிதான் இங்கே முக்கியம். 1977-ல் வந்த அட்டாரி 2600-ல் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட். இந்தப் பத்தியின் முதல் இரண்டு வரிகூட அதில் அடங்காது. ஒரு முழுப் படத்தை வரைந்து வைத்துக்கொண்டு பிறகு டிவிக்கு அனுப்ப அதில் இடமே கிடையாது. அதனால் பிக்சர் டியூப்பில் எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒவ்வொரு கோடாக ஓடும்போதே, அந்தக் கோட்டில் என்ன தெரிய வேண்டும் என்பதை நிரல் அந்தந்த நொடித்துளியில் கொடுத்தாக வேண்டும். ஒரு கோட்டுக்குச் சிப்புக்குக் கிடைப்பது 76 துடிப்புகள் (சிப் வேலை செய்கிற நேர அலகு), அவ்வளவுதான். பந்தியில் சாப்பிடுகிறவர் கை இலைக்கு வருவதற்குள் பதார்த்தம் இலையில் விழுந்துவிட வேண்டும், எடுத்து வைக்கச் சமையற்கட்டே கிடையாது என்றால் பரிமாறுகிறவர் பாடு எப்படியோ, அப்படி. கற்றை கீழே போய் மறுபடி மேலே திரும்புகிற சிறு இடைவெளியில்தான் எதிரி எங்கே, குண்டு எங்கே, புள்ளி எவ்வளவு என்று கணக்குப் பார்க்க முடியும். இதைத்தான் நொடிக்கு 50 முறை, அமெரிக்காவில் 60 முறை, அந்தச் சிறு பெட்டி செய்துகொண்டிருந்தது.

இதனால் விளையாடுகிறவருக்கு என்ன லாபம்? கைக்கும் திரைக்கும் நடுவே உணரும்படியான தாமதமே இல்லை. 1981-ல் லாரி கேப்லன் எழுதிய 'கபூம்!' என்ற விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். மேலே ஒருவன் இங்கும் அங்கும் ஓடியபடி குண்டு போடுவான். கீழே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று தண்ணீர் வாளிகளால் நாம் பிடிக்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் ஒரு வாளி போய்விடும். சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆகாது. இதை ஜாய்ஸ்டிக்கில் ஆடுவதில்லை, பேடில் என்கிற திருகு கைப்பிடியில் ஆட வேண்டும். அதைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது வானொலியில் சத்தம் கூட்டிக் குறைக்கிற அதே வகைக் கன்ட்ரோல். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு கெபாசிட்டர் அதன் வழியாக நிறைவதற்குத் திரையில் எத்தனை கோடு கடக்கிறது என்று எண்ணித்தான் நம் கை எங்கே இருக்கிறது என்பதைப் பெட்டி தெரிந்துகொள்கிறது. விரல் நுனியில் மயிரிழை அசைந்தால் வாளியும் அவ்வளவே அசையும். தூசி படிந்தால் வாளி நடுங்கும். கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு நாலு முறை திருகினால் சரியாகிவிடும். ஐந்தாவது ஆறாவது சுற்றில் குண்டுகள் மழையாகக் கொட்டும்போது யோசிக்க நேரமே இருக்காது, கையே பார்த்துக்கொள்ளும். இப்படிப்பட்ட ஒரு சுகத்தை நான் புதிய விளையாட்டுகளில் அரிதாகத்தான் காண்கிறேன்.

இதே விளையாட்டை ஒரு தட்டை டிவியில் ஆடிப் பாருங்கள். வருகிற படத்தை அது முதலில் வாங்கிச் சேமிக்கும், பெரிதாக்கும், மெருகேற்றும், பிறகுதான் காட்டும். நாடகமோ கிரிக்கெட்டோ பார்க்கும்போது இது தெரியவே தெரியாது. 'கபூம்!' ஆடும்போது கை திருகிய பிறகு வாளி நகரும், அதற்குள் குண்டு தரையில் இருக்கும். பழைய பெட்டிகள் அனுப்புகிற எளிய படத்தைச் சில டிவிகள் ஒளிபரப்புப் படம் என்று நினைத்து இரண்டு இரண்டு படமாகக் கோத்துக் குழப்பிவிடும். அட்டாரியில் ஒரே வரிசையில் அதிக உருவங்கள் வந்தால் மாற்றி மாற்றித்தான் காட்ட முடியும். பிக்சர் டியூப்பில் அது லேசான மினுக்கமாகத் தெரியும். இந்த டிவிகளில் உருவமே காணாமல் போகும். கட்டுரையாளருக்குச் சலித்ததில் வியப்பில்லை. அவர் முன்னால் இருந்தது பாதி விளையாட்டு.

'டக் ஹன்ட்' விஷயம் இன்னும் தெளிவானது. 1984-ல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் கொண்டுவந்தது. 1990-களில் நம் ஊருக்கு வந்த நின்டெண்டோ நகல் பெட்டிகளோடு பிளாஸ்டிக் துப்பாக்கி சேர்ந்து வருமே, அதற்கான வாத்து விளையாட்டு. துப்பாக்கி எதையும் வெளியே அனுப்புவதில்லை. குதிரையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கிக் குழாய்க்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைப் பிடித்தால் வாத்து விழுந்தது. தட்டை டிவியில் அந்த வெளிச்சம் தாமதமாக வருவதால் துப்பாக்கிக்கு ஒன்றும் தெரியாது. "அண்ணே, துப்பாக்கி கெட்டுப்போச்சு" என்று பலர் கொண்டுவந்து கொடுப்பார்கள். என் பழைய டிவியில் சுட்டுக் காட்டியதும் வாயடைத்து நிற்பார்கள்.

பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்ற வாதத்துக்கு வருகிறேன். என் பேத்தி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அட்டாரி என்ற பெயரே அவளுக்குத் தெரியாது, ஏங்குவதற்கு ஒன்றும் இல்லை. கோடை விடுமுறையில் கடைக்கு வந்தவளிடம் 'ரிவர் ரெய்டு' கேசட்டைப் போட்டுக் கொடுத்தேன். கரோல் ஷா என்ற பெண்மணி 1982-ல் எழுதியது, மொத்தமே 4 கிலோபைட். ஓர் ஆற்றின் மேல் விமானம் பறக்கிறது. கரையில் முட்டக் கூடாது, எதிரே வருவதைச் சுட வேண்டும், எரிபொருள் தீர்ந்துகொண்டே இருக்கும். வழியில் எரிபொருள் கிடங்குகள் வரும். அதன் மேல் பறந்தால் தொட்டி நிறையும், சுட்டால் 80 புள்ளி. அவள் முதலில் கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டாள், எரிபொருளின்றி விழுந்தாள். கொஞ்ச நேரத்தில் கிடங்கை விட்டுவைக்கத் தொடங்கினாள். அப்புறம் கிடங்குக்கு மேலே வரும்போது குச்சியைப் பின்னால் இழுத்து வேகத்தைக் குறைத்தால் அதிகம் நிறைகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். நிறைந்ததும் சத்தம் மாறும், அந்தச் சத்தம் கேட்ட நொடியில் மீதிக் கிடங்கைச் சுட்டுப் புள்ளியையும் எடுத்துக்கொண்டாள். நான் எதையும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு முறை விழும்போதும் "தாத்தா, என் தப்புதான், இன்னொரு ஆட்டம்" என்றாள். அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த ஆறு கேசட்டில் வரைந்து வைக்கப்பட்டதல்ல, ஓர் எண் வரிசையிலிருந்து கணக்குப் போட்டு விரிவது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே வளைவுகள், அதே பாலங்கள். அதிர்ஷ்டத்துக்கு அதில் வேலையில்லை, கற்றது வீண்போகாது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டு மூன்றாவது முறையும் அவள் எழுந்திருக்கவில்லை.

எல்லாமே அப்படித்தான் என்று நான் வாதாட வரவில்லை. 1972-ல் ரால்ஃப் பேயரின் யோசனையில் பிறந்த மேக்னவாக்ஸ் ஒடிசிதான் முதல் வீட்டுப் பெட்டி. சத்தம் கிடையாது, புள்ளிக் கணக்கு கிடையாது, டிவிக் கண்ணாடியில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டு ஒளிப்புள்ளிகளை நகர்த்த வேண்டும். அதைக் கும்பிடலாம், இன்று உட்கார்ந்து ஆட முடியாது. அட்டாரிக்கு 1982-ல் வந்த 'பேக்-மேன்' அவசரக் கோலம். அதே ஆண்டின் 'ஈ.டி.' குழியில் விழுவதும் ஏறுவதுமாகவே போகும். பேத்தியும் அதைச் சீக்கிரமே வைத்துவிட்டாள். அதை எழுதிய ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா 'யார்ஸ் ரிவெஞ்ச்' என்ற அருமையான விளையாட்டைக் கொடுத்தவர். 'ஈ.டி.'-க்கு அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஐந்து வாரம். விற்காமல் நின்ற கேசட்டுகளை 1983-ல் நியூ மெக்சிகோவில் மண்ணுக்குள் புதைத்தார்கள். இந்தத் தோல்விகளைக் காட்டி அந்தக் காலம் முழுவதையும் ஒதுக்குவது நியாயமில்லை என்பதே என் வாதம்.

கட்டுரையாளர் தனியாக ஆடினார் என்பதும் தெரிகிறது. அட்டாரியோடு சேர்ந்து வந்த 'காம்பாட்' கேசட்டைத் தனியாக ஆடவே முடியாது, இரண்டு பேர் வேண்டும். இரண்டு டாங்கிகள், ஒரு சுற்று 2 நிமிடம் 16 நொடி. அதில் குண்டு சுவரில் பட்டுத் தெறித்துத் திரும்பி வருகிற வகை ஒன்று உண்டு. பக்கத்துக் கடைக்காரரும் நானும் மத்தியான வேளையில் ஆள் இல்லாதபோது ஆடுவோம், இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது, சண்டை மட்டும் குறையவில்லை. நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த டேங்க் கேம், 1985-ல் நாம்கோ கொண்டுவந்த 'பேட்டில் சிட்டி', அதையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறேன். இரண்டு பேரும் ஒரே கோட்டையைக் காக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் 20 எதிரி டாங்கிகள். தவறிக் கூட்டாளியைச் சுட்டுவிட்டால் அவன் சற்று நேரம் அசைய முடியாமல் நிற்பான். அந்தச் சில நொடியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் போடுகிற கூச்சலும் விளையாட்டின் ஒரு பகுதிதான். தோளோடு தோள் உட்கார்ந்து ஆடியவர்களைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதியிருக்கலாம்.

வீட்டில் தட்டை டிவி மட்டுமே வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமைப்புப் பட்டியலில் 'கேம் மோட்' என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். மெருகேற்றும் வேலைகள் பல நின்றுவிடும், தாமதம் கணிசமாகக் குறையும். 2023-ல் பழைய கேசட்டுகளையே ஏற்கும்படி புதிதாக வெளியிட்டிருக்கும் அட்டாரி 2600+ பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே யோசனைதான். கேசட் ஏறவில்லை என்றால் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரத்தில் தகடு அரிக்கும். பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் போதும். நகல் பெட்டிக்குக் கையில் கிடைத்த அடாப்டரைச் செருகாதீர்கள். பலவற்றில் நடு ஊசி நெகட்டிவ், மாற்றிக் கொடுத்தால் உள்ளே மின்னழுத்தத்தைச் சீராக்கும் 7805 ரெகுலேட்டர் அப்போதே உயிரை விடும்.

கடைசியாக, இந்தக் கடிதத்தின் உண்மையான காரணம். 2006-க்குப் பிறகு தமிழக அரசு வீடு வீடாக வழங்கிய 14 அங்குல வண்ண டிவிகள் அத்தனையும் பிக்சர் டியூப் டிவிகள். இந்த விளையாட்டுகளுக்கு அவற்றைவிடப் பொருத்தமான திரை கிடையாது. அவை இப்போது எடைக்கு எடை காயலான் கடைக்குப் போகின்றன. செப்புக் கம்பிக்காகக் கழுத்தை உடைத்து, ஈயம் கலந்த கண்ணாடியைக் குப்பையில் வீசுகிறார்கள். வாரம் தவறாமல் பார்க்கிறேன், மனம் கேட்கவில்லை. புதிய பிக்சர் டியூப் இனி யாரும் செய்து தரப்போவதில்லை. மதுரை புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, அங்கே சிறுவர்களுக்குத் தனிப் பிரிவும் இருக்கிறது. அதில் ஒரு மூலையில் ஒரு பழைய டிவி, ஒரு பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு ஜோடி பேடில் வைக்க இடம் கொடுத்தால் போதும். டிவிக்குள்ளே 20,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருப்பதால் மூடியைப் பூட்டி வைக்க வேண்டும், அதற்கான ஏற்பாட்டை நானே செய்து தருகிறேன். நல்ல நிலையில் இருக்கும் டிவி ஒன்றும், 'ரிவர் ரெய்டு', 'கபூம்!', 'காம்பாட்' கேசட்டுகளும் என்னிடமிருந்து கொடுக்கத் தயார். பழுதானால் கூலி வாங்காமல் வந்து பார்ப்பேன். நூலகப் பொறுப்பில் உள்ளவர்கள் பார்வைக்குப் படும்படி இதை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
டிவி மெக்கானிக், மதுரை.