பிர் கோட்டையின் மேரியை விட்டுவிட்டீர்களே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அயர்லாந்தின் பிர் கோட்டையையும் அதை ஆண்டுவந்த பார்சன்ஸ் குடும்பத்தையும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நான் அனல் மின் நிலையம் ஒன்றில் 26 ஆண்டுகள் டர்பைன் பிரிவில் ஷிஃப்ட் பார்த்தவன். நீராவி டர்பைனை உருவாக்கிய சார்லஸ் பார்சன்ஸின் பெயர் எனக்குக் குலசாமி பெயர் மாதிரி. அவருடைய குடும்பக் கதையில் தாயார் மேரியின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லாதது மனதை உறுத்தியது. அதனால்தான் எழுதுகிறேன்.

1620-இல் ஓ'கரோல் குலத்தாரின் மண்ணில் வந்து குடியேறிய ஆங்கிலேயக் குடும்பம், அப்புறம் பிரபுப் பட்டம், மூன்றாம் ரோஸ் பிரபு வில்லியம் 1845-இல் கட்டி முடித்த 72 அங்குலத் தொலைநோக்கி, அதில் முதன்முதலாகத் தெரிந்த விண்மீன் கூட்டத்தின் சுருள் வடிவம் என எல்லாம் வந்திருக்கிறது. சரி. செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த, தொலைநோக்கியின் அந்த 72 அங்குல ஆடி (ஒளியைக் குவிக்கும் உலோகக் கண்ணாடி) மட்டுமே சுமார் மூன்று டன். அதற்கெல்லாம் பணம்? 1836-இல் யார்க்‌ஷயரிலிருந்து வில்லியமை மணந்து மருமகளாக வந்த மேரி ஃபீல்ட் பெரிய சொத்துக்கு வாரிசு. அந்தச் சொத்துதான் பெரிதும் கைகொடுத்தது.

தொலைநோக்கி முடிந்த அதே ஆண்டில் உருளைக்கிழங்கு நோய் வந்து பஞ்சம் தொடங்கியது. வானத்தைப் பார்க்கும் வேலை தடைப்பட்டது. கோட்டையைச் சுற்றி அகழி வெட்டுவது போன்ற வேலைகளில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு அந்தக் குடும்பம் கூலி கொடுத்தது. நிலம் வந்த வழி நியாயமானது என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் பட்டினிக் காலத்தில் கிடைத்த கூலி சின்ன விஷயமில்லை.

மேரி பிறகு புகைப்படக் கலையில் இறங்கினார். கோட்டைக்குள்ளேயே இருட்டறை அமைத்து, அந்தத் தொலைநோக்கியையும் பிள்ளைகளையும் தானே படம் எடுத்தார். 1859-இல் அயர்லாந்துப் புகைப்படச் சங்கத்தின் வெள்ளிப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர் அவர். ஆளாகி நின்றது நான்கு மகன்கள் மட்டும். அந்தப் படங்களில் இருக்கும் முகங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த எண்ணிக்கைதான் நினைவுக்கு வருகிறது.

அந்த மகன்கள் பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டிலேயே ஆசிரியர்கள், பக்கத்திலேயே பட்டறை. அவர்கள் செய்த நீராவி வண்டியில் 1869-இல் போனபோது, உறவினரும் நுண்ணோக்கி ஆய்வாளருமான மேரி வார்டு தூக்கியெறியப்பட்டுச் சக்கரத்தில் சிக்கி இறந்தார். பதினைந்து வயது சார்லஸும் அதே வண்டியில் இருந்தான். கணவர் இறந்து இரண்டே ஆண்டுகள் ஆன நிலையில், அந்த நாளையும் தாங்கியவர் சார்லஸின் தாயார் மேரி.

நீராவியின் அழுத்தத்தை ஒரே அடியாக விடாமல், வரிசை வரிசையான பிளேடுகளில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி ரோட்டாரை, அதாவது டர்பைனின் சுழலும் தண்டை, சுழற்றும் யுக்தியை 1884-இல் சார்லஸ் செய்து காட்டினார். நான் ஷிஃப்டில் காதால் கேட்டே பழகிய இரைச்சல் அதுதான். மறு ஆண்டு மேரி காலமானார்.

அடுத்த இதழில் மேரி எடுத்த தொலைநோக்கிப் படம் ஒன்றையாவது, அவர் பெயரோடு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டர்பைன் ஆப்பரேட்டர்,
சேலம்