பூட்டு கிளப் தொடங்கப்போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் சொன்னதும் நான் கத்திவிட்டேன். "காலேஜில் போய்ச் சாவியில்லாமல் பூட்டு திறக்கிற கிளப்பா, ஊர் என்ன பேசும்" என்று கேட்டு, நீ பதில் சொல்வதற்குள் ஃபோனையும் வைத்துவிட்டேன். அதிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. ஃபோனில் பேசினால் மறுபடி என் குரல் உயரும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஏன் கத்தினேன் என்று உனக்குத் தெரிந்திருக்காது. நீ பிறப்பதற்கு முன்னால் இங்கே ஒரு மளிகைக் குடோனில் திருட்டு நடந்தது. சரக்கெல்லாம் போயிருந்தது, கதவில் பூட்டு மட்டும் பூட்டியபடியே தொங்கியது. அது உன் தாத்தா செய்த பூட்டு. செய்தவனிடம்தான் இன்னொரு சாவி இருக்கும் என்று முடிவு கட்டி அவரைக் கூட்டிப்போய் ராத்திரி முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மறுநாள்தான் ஒருவர் மேலே ஏறிப் பார்த்தார். கூரை ஓடுகளைப் பிரித்து இறங்கியிருக்கிறார்கள்! தாத்தா வீட்டுக்கு வந்தார், குளித்தார், பட்டறையில் போய் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் சாவி தொலைந்துவிட்டது என்று யார் வந்து கூப்பிட்டாலும், அந்தத் தெருக்காரர்கள் இரண்டு பேரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டுதான் கம்பியைக் கையில் எடுப்பார். நானும் இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன். "கிளப்" என்று நீ சொன்னதும் எனக்கு அந்த பெஞ்சுதான் கண்ணில் வந்தது.

செவ்வாய்க்கிழமை பட்டறையில் வேலை இல்லை. நீ அனுப்பியதையெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். அந்த ஹாப்ஸ் கதையை இரண்டு தடவை படித்தேன். லண்டனில் பிராமா கம்பெனிக்காரர்கள் 1790இலிருந்து ஒரு பூட்டைக் கடை ஜன்னலில் வைத்து, திறப்பவருக்கு 200 கினி (அந்தக் காலத்து இங்கிலாந்துத் தங்கக் காசு) என்று சவால் விட்டிருக்கிறார்கள். அறுபது வருஷம் யாராலும் முடியவில்லை. 1851இல் கண்காட்சிக்காக அமெரிக்காவிலிருந்து வந்த இந்த ஹாப்ஸ் உட்கார்ந்து திறந்துவிட்டார். 16 நாள், மொத்தம் 51 மணி நேரம்! ஆனால் என் மனதைத் தொட்டது வேறு. அவர் ஒளிந்து மறைந்து திறக்கவில்லை. பூட்டுக்காரர்களோடு பேசி விதி வைத்துக்கொண்டு, நடுவர்களை வைத்துத் திறந்திருக்கிறார். தாத்தா தெருக்காரர்களை நிறுத்திக்கொண்டு செய்ததைத்தானே அவரும் செய்திருக்கிறார்?

அவர் திறந்த இன்னொன்று, சப் என்கிற இன்னொரு கம்பெனியின் பூட்டு, லீவர் பூட்டு என்று படித்ததும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். நம் திண்டுக்கல் பூட்டும் லீவர்தான். பூட்டுக்குள் அடுக்கியிருக்கும் சின்னத் தகடுகள்தான் லீவர். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒரு லீவரைத் தூக்க வேண்டும். உயரம் கொஞ்சம் குறைந்தாலும் கூடினாலும், பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் தாழ்க்கட்டை, அதாவது நாக்கு, நகராது. ஆனால் கையால் அராவுகிற எதுவும் நூறு சதவீதம் ஒன்று போல இருக்காது. நாக்கை லேசாக அழுத்திக்கொண்டு தடவிப் பார்த்தால் ஏதாவது ஒரு லீவர்தான் முதலில் இறுகும். அதைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால் நாக்கு மயிரிழை நகர்ந்து அடுத்ததைப் பிடிக்கும். உங்கள் ஹாஸ்டல் கதவில் இருப்பது, ஓட்டைகளில் சின்னக் குச்சிகள் ஏறி இறங்கும் 'பின்' பூட்டு, மெஷினில் செய்தது. அதிலும் ஓட்டைகள் துல்லியமாக ஒரே கோட்டில் அமையாது என்பதால்தான் கம்பிக்கு வழிவிடுகிறது. இதைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலில்தான் தெரியும். நான் கற்றுக்கொள்ள இரண்டு வருஷம் ஆனது, எனவே முதல் மாதத்திலேயே யாரும் சலித்துப்போகாமல் பார்த்துக்கொள்.

ஜெர்மனியில் 1997லேயே இதற்குச் சங்கம் வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இதில் இருப்பவர்கள் எந்த நாட்டிலும் சொல்லும் இரண்டு விதி எனக்குப் பிடித்தது. உன்னுடையதில்லாத பூட்டை அனுமதியில்லாமல் தொடாதே. புழக்கத்தில் இருக்கும் பூட்டை, உன்னுடையதே ஆனாலும், தொடாதே. இரண்டாவதை உன் சிநேகிதிகள் லேசாக எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளக்கூடாது. தப்பாக நெம்பினால் உள்ளே ஸ்பிரிங் விலகி, அப்புறம் சொந்தச் சாவியே சுற்றாது. பரீட்சை நாளில் ஹாஸ்டல் கதவு அப்படி மாட்டிக்கொண்டால் என்ன ஆகும், யோசித்துப் பார்.

நான் கேட்பது இதுதான். பிரின்சிபாலிடம் எழுத்தில் அனுமதி வாங்கு. உங்கள் கூடவே உட்கார ஒரு ஆசிரியர் வேண்டும். யார் வந்தார்கள், எந்தப் பூட்டைத் திறந்தார்கள் என்று நோட்டில் எழுதி வை. கம்பிகளை எண்ணி வாங்கி, எண்ணிப் பெட்டியில் வை. அந்தப் பெட்டி ஆசிரியர் அறையில் இருக்கட்டும், யாருடைய ரூமுக்கும் போகக்கூடாது. ஹாஸ்டலில் என்றாவது ஒரு செயின் காணாமல் போனால் முதலில் உங்களைத்தான் பார்ப்பார்கள், தாயி. அன்றைக்கு அந்த நோட்டு உன் பக்கம் பேசும்.

கம்பி வாங்கக் காசைக் கரியாக்காதே. பழைய ஹாக்ஸா பிளேடு போதும். கிரைண்டரில் பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்கி எடு. நிறம் நீலமாக மாறிவிட்டால் இரும்பு இளகிவிட்டது என்று அர்த்தம், அதற்கப்புறம் வளைந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் கிரைண்டர் பக்கம் போகாதே.

2019இல் நம் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தபோது எல்லோரும் வாழ்த்தினார்கள். ஆனால் அலிகார் மெஷின் பூட்டோடு விலையில் போட்டி போட முடியாமல் கைப்பட்டறைகள் குறைந்துகொண்டேதான் வருகின்றன. அரத்தைத் தொட இந்தத் தெருவில் ஒரு பையன் இல்லை. உன் கூட இருபது பிள்ளைகள் ஒரு பூட்டின் வயிற்றைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க உட்காரப்போகிறார்கள் என்று நினைத்தால், அன்று கத்தியதற்கு எனக்கே வருத்தமாக இருக்கிறது.

சரி, உனக்காக ஏழு பூட்டு எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு லீவரில் ஆரம்பித்து எட்டு லீவர் வரைக்கும். அதில் மூன்றுக்குப் பக்கத் தகட்டை வெட்டிவிட்டேன், லீவர் ஏறி இறங்குவது தெரியும். ஒரு மாங்காய்ப் பூட்டும், சாவியைத் திருப்பினால் மணி அடிக்கிற பூட்டும் தனியாக வைத்திருக்கிறேன். அவை தாத்தா கையால் செய்தவை, காட்டுவதற்கு மட்டும். கம்பி விடக்கூடாது.

சனிக்கிழமை காலை பழனி வழியாகக் கோயம்புத்தூர் போகிற பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். பெட்டி கனமாக இருக்கும், தனியாகத் தூக்காதே. யாரையாவது கூட்டிக்கொண்டு போ. பெட்டிச் சாவியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா