திருத்துறவர் தானே, மாமா

கிளிநொச்சி,
பங்குனி.

அன்பின் மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. காலபோக வெட்டு, காயப்போடுதல், மூட்டை கட்டுதல் என்று நின்றதில் பதில் பிந்திப்போச்சு. விளைச்சல் மோசமில்லை. விலைதான் வழக்கம்போல, வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கின அன்றே விழுந்தது. சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் யாருக்கு எத்தனை ஏக்கர் என்ற இழுபறி இன்னும் ஓயவில்லை. அம்மாவுக்கு முழங்கால் நோவு அப்படியே. வீட்டுப் புதினம் இவ்வளவுதான்.

உன் மகளின் வாத்தியார் வகுப்பில் கட்சி அரசியல் பேசுகிறார் என்று தாய்தகப்பன்மார் சண்டைக்குப் போன கதையை இரண்டு தரம் வாசித்தேன். ஜேர்மனியில் அரசியலை வகுப்பில் எப்படிப் படிப்பிப்பது என்று சொல்லும் அந்தப் போய்டெல்ஸ்பாக் உடன்பாட்டைப் பற்றி எனக்கு முன்பே கொஞ்சம் தெரியும். உன் ஸ்ருட்கார்ட்டுக்குப் பக்கத்து ஊர்தானே, எஸ்-பான் ரயிலிலேயே போகலாம். 1976இல் அங்கே கூடினவர்கள் சொன்னது மூன்றே விஷயம். மாணவனைத் திணறடித்து உன் முடிவுக்கு இழுக்காதே. வெளியே சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே இருக்கட்டும். அரசியலைத் தன் நிலையில் நின்று தானே எடைபோட மாணவனைப் பழக்கு. அதே 1976 மே 14இல்தான் இங்கே தனித் தமிழீழம் கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, வருஷத்தைப் பார்த்ததும் மனம் அங்கே ஓடிவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துக் கதையைக் கேள். தங்கச்சியின் மகள் கம்பஸில் இரண்டாம் வருஷம், அரசறிவியல். எந்தக் கம்பஸ் என்று எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. வெள்ளி பின்னேரம் பஸ்ஸில் வந்து இறங்குவாள். போன மாதம் அவளுடைய கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பாடத்தில் சில சொற்களுக்குப் பக்கத்தில் பச்சைப் பேனையால் நட்சத்திரம்: தாயகம், இறைமை, கட்டமைப்புசார் இனவழிப்பு. அடுத்த பாடத்திலும் நட்சத்திரம், ஆனால் வேறு சொற்களுக்கு: வர்க்கம், பொருளாதார நெருக்கடி, இனவாத அரசியல்வாதிகள். என்ன பிள்ளை இது என்றேன். "அந்தந்த சேருக்குப் பிடிச்ச சொல், மாமா. அதைப் போட்டால்தான் புள்ளி விழும்" என்றாள், பஸ் நேரம் சொல்வதுபோல. முதலாமவர் தமிழ்த் தேசியக்காரர். மற்றவர் 2024 தேர்தலுக்கு முன்பே திசைகாட்டிக்காரர், அதாவது தேசிய மக்கள் சக்திப் பக்கம். பிள்ளைகள் இருவருக்கும் தனித்தனி வாய் வைத்திருக்கிறார்கள்.

அவள் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு ஆறவில்லை. பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல் பற்றி வகுப்பு. முதலாமவர் பலகையில் 250, 227 என்று எழுதினாராம். எழுபதுகளின் தொடக்கத்தில் பேராதனைப் பொறியியலுக்குத் தமிழ்மொழிப் பிள்ளைக்கு 250 புள்ளி வேண்டும், சிங்களமொழிப் பிள்ளைக்கு 227 போதும். அது அநியாயம்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த அநியாயம் எத்தனை பேரை எந்தப் பாதைக்குத் தள்ளியது என்று நம் வாங்கில் இருந்தவர்களை எண்ணிப் பார்த்தாலே போதும். அப்போது ஒட்டுசுட்டான் பக்கத்துப் பெடியன் ஒருவன் எழும்பி, "சேர், பிறகு 1974இல மாவட்டக் கோட்டாவும் வந்ததுதானே? என்ர அண்ணா முல்லைத்தீவுக் கோட்டாவிலதான் எஞ்சினியரிங் போனவர். அதை விடையில எங்க எழுதுறது?" என்று கேட்டிருக்கிறான். "அதை வீட்டில எழுதும்" என்றாராம் சேர். வகுப்பே சிரித்ததாம்.

என்ன அருமையான கேள்வி மச்சான்! இன்றைக்கும் கலைப்பிரிவை விட்டால் அனுமதியில் 40 வீதம்தான் திறமை வரிசை, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்த 16க்குள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எல்லாம் இருக்கு. யாழ்ப்பாணத்து நல்ல பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கதவைச் சாத்தின அதே ஏற்பாட்டின் இன்னொரு பாதி, வன்னிப் பிள்ளைக்கு ஒரு சின்ன ஜன்னலைத் திறந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசியிருந்தால் அந்த ஒரு மணித்தியாலம் எவ்வளவு நன்றாகப் போயிருக்கும். அவனும் பரீட்சையில் சேரின் பாதியைத்தான் எழுதினானாம். ஏன் என்று கேட்டேன். "திருத்துறவர் தானே, மாமா."

மற்றவரும் சளைத்தவரில்லை. இனப்பிரச்சினை என்று யாராவது வாயைத் திறந்தால், "அதெல்லாம் அரசியல்வாதிகள் கிளப்பினது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாராம். முள்ளிவாய்க்காலில் தாயை இழந்த பிள்ளை அந்த வகுப்பில் இருக்கிறாள். 2024 பாராளுமன்றத் தேர்தலில் வன்னியில் ஆறு ஆசனத்தில் இரண்டு தேசிய மக்கள் சக்திக்குப் போனது உண்மை. அந்த வாக்கைப் போட்டவர்கள் எல்லாரும் அவருடைய விளக்கத்துக்கும் சேர்த்துத்தான் போட்டார்கள் என்று நினைக்கிறார்போல.

வாத்தியாருக்கு அரசியல் இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் நானும் படித்த நல்ல வாத்திமார் எல்லாருக்கும் இருந்தது, எவர் எந்தப் பக்கம் என்று எங்களுக்குத் தெரியும். தன் பக்கத்துக்கு நோகிற உண்மையை ஒருவர் வகுப்புக்குள் விடுகிறாரா என்பதைத்தான் நான் பார்ப்பேன். 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாண இடப்பெயர்வு. அதைக் கண்ணீர் வரச் சொல்லத் தெரிந்தவர்கள் இங்கே நிறைய. சரியாக ஐந்து வருஷத்துக்கு முன், 1990இல் அதே ஒக்டோபர் 30தான் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனம் புலிகளால் வெளியேற்றப்பட்டது. வடக்கு முழுக்க 70,000க்கு மேற்பட்டவர்கள். புத்தளத்து முகாமில் வளர்ந்த தகப்பன்மாரின் பிள்ளைகள் இன்று மருமகளோடு ஒரே வாங்கில் இருக்கிறார்கள். விரிவுரை இரண்டாம் ஈழப்போர் தொடங்கின 1990 ஜூனில் இருந்து 1995க்குப் பாயும்போது அந்தப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு குறிப்பு எழுதுவார்களாம்.

இதற்கு முறைப்பாடுதான் மருந்து என்று மட்டும் சொல்லிவிடாதே. உங்கள் ஹம்பேர்க்கில் 2018இல் ஏ.எஃப்.டி என்ற வலதுசாரிக் கட்சி, வாத்திமாரைப் பற்றி முறையிட ஓர் இணையத்தளமே திறந்ததே, நினைவிருக்கா? இங்கே அப்படி ஒன்று திறந்தால் முறைப்பாடு எந்த வாசலில் போய் நிற்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. 2019 மே மாதம், ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு நடந்த தேடுதலில், மாணவர் ஒன்றிய அறையில் இருந்த பிரபாகரன் படத்துக்காக யாழ் பல்கலைக்கழக மாணவத் தலைவர்களைப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் உள்ளே போட்டார்கள். அதற்குப் பிறகு சில விரிவுரையாளர்கள் 1948க்கு இந்தப் பக்கம் வருவதே இல்லையாம். அதை நடுநிலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தேசியக்கார சேர் ஒருபக்கமாகவேனும் பேசுகிறாரே என்று சில நேரம் தோன்றும்.

மருமகளுக்கு நான் சொன்ன யோசனை சின்னது. தொடர் மதிப்பீட்டுக் கட்டுரையில் சேரின் வாதத்தை முதலில் ஒழுங்காக எழுது, பிறகு "இதற்கு மாறாக" என்று ஒரு பந்தி போட்டு அந்தப் பெடியன் கேட்டதை எழுது, புள்ளி எவ்வளவு குறையுது பார்ப்போம் என்றேன். "குறைஞ்சால் வகுப்புச் சித்தியை நீங்கள் தருவியளா?" என்று சிரித்தாள். ஆனாலும் எழுதிக்கொண்டிருக்கிறாள், நேற்றிரவு நூலகம் இணையத்தளத்தில் பழைய பத்திரிகை தேடிக்கொண்டிருந்தாள்.

உன் மகளிடம் ஒன்று கேட்டு எழுது. அங்கே வாத்தியாரின் கருத்துக்கு நேர் எதிராக ஒரு பிள்ளை எழுதினால் அந்தத் தாளை இன்னொருவரும் திருத்துவாரா, இல்லை அவரே ராஜாவா? இங்கே இறுதிப் பரீட்சைக்கு இரண்டாம் பரீட்சகர் உண்டு, தொடர் மதிப்பீட்டில்தான் பிள்ளைகள் மாட்டுப்படுகிறார்கள். அங்கத்து ஏற்பாடு தெரிந்தால் இங்கே பீடத்தில் இருக்கிற ஒரு தெரிந்தவரிடம் சொல்லிப் பார்க்கலாம்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருவதாக இருந்தால் திகதியை முன்கூட்டியே அறிவி. அக்காவுக்கு என் அன்பைச் சொல்.

உன்
பழைய வாங்குத் தோழன்