உடைந்த பல் மூலைக்கு 32,500 ரூபாய் பேக்கேஜ்: முன்பணத்தைத் திருப்பித் தரவும் கடனை ரத்து செய்யவும் கோரிப் புகார்

அல்சூர், பெங்களூர்
08.09.2025

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
தலைமை அலுவலகம்.

பொருள்: ஆகஸ்ட் 11 அன்று உங்கள் பல் கிளினிக்கின் பெங்களூர் கிளையில் கட்டிய முன்பணம் 8,000 ரூபாய், என் பெயரில் போடப்பட்ட 24,500 ரூபாய் கடன் குறித்து.

ஐயா / அம்மா,

உங்கள் விளம்பரம் எனக்கு வாட்ஸ்அப்பில் தமிழில்தான் வந்தது. ‘பல் பரிசோதனை 99 ரூபாய், எக்ஸ்ரே இலவசம்’ என்று போட்டிருந்தது. அதனால் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன். கையெழுத்து வாங்கிய பக்கங்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தன. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் மட்டன் பிரியாணி. நல்லி எலும்பைக் கடித்தபோது ‘டக்’ என்று சத்தம் கேட்டது. எலும்புதான் நொறுங்கியது என்று நினைத்து மென்றுகொண்டே இருந்தேன். வாயில் நெருடியதை எடுத்துப் பார்த்தால், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெள்ளைத் துண்டு. கீழ்வரிசையில் இடது கடைவாய்ப் பல், நாக்குப் பக்கத்து மூலை போயிருந்தது. வலி இல்லை. ஆனால் உடைந்த விளிம்பு பிளேடு மாதிரி இருந்ததால் சாயங்காலத்துக்குள் நாக்கின் ஓரம் புண்ணாகிவிட்டது. பச்சைத் தண்ணீர் குடித்தால் சுரீர் என்று இழுக்கும். விழுங்கிய இரண்டாவது நொடியில் அடங்கிவிடும். அடங்கிவிடும் என்பதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது.

மறுநாள் காலை கடையை என் பையனிடம் விட்டுவிட்டு உங்கள் கிளைக்கு வந்தேன். 99 ரூபாய் கட்டினேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் வந்து கண்ணாடியை வைத்துப் பார்த்தார், கம்பியால் ஒரு முறை தொட்டார், ‘ரூட் கெனால் பண்ணி கேப் போட்டுடலாம்’ என்றார், அதாவது பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்து அடைத்துவிட்டு மேலே மூடி போடுவது. சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். நாலு நிமிஷம் இருக்கும். பல்லில் ஐஸ் வைத்துப் பார்க்கவில்லை, தட்டிப் பார்க்கவில்லை, ராத்திரி வலிக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. அப்புறம் ஒரு பெண் வந்து பல்லைக் கிளீன் செய்தார். நான் கேட்கவில்லை, அவர் செய்தார். நன்றாகவே செய்தார், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அதன் பிறகு நான் டாக்டரைப் பார்க்கவே இல்லை. கோட் போட்ட இன்னொருவர் என்னை ஏசி அறையில் உட்காரவைத்து டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். ரூட் கெனால் 8,500. கேப்பைத் தாங்க உள்ளே வைக்கும் கம்பியும் அடிக்கட்டும், அதாவது போஸ்ட், கோர் 4,500. ஜிர்கோனியா என்ற பீங்கான் மாதிரிப் பொருளில் செய்த கேப் 18,000. டிஜிட்டல் ஸ்கேன் 1,500. ஆக மொத்தம் 32,500. வெறுமனே சிமென்ட் வைத்து அடைக்க முடியாதா என்று கேட்டேன். ‘நிக்காது சார்’ என்றார். மெட்டல் கேப் போட்டால் குறையுமா என்றேன். ‘இப்ப யாரும் போடறதில்ல சார்’ என்றார். விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, ஆறு மாதத்தில் பல்லே போய்விடும், அப்போது தாடை எலும்பில் திருகி வைக்கும் செயற்கைப் பல்லான இம்ப்ளான்ட் 45,000 ஆகும் என்றார். கடைசியாக, இந்த விலை இன்றைக்கு மட்டும்தான் என்றார். வாய்க்குள் பிளேடு மாதிரி ஒன்று குத்திக்கொண்டிருக்கும்போது இதையெல்லாம் கேட்டால் எந்த மனுஷனுக்கும் பயம் வரத்தான் செய்யும்.

நான் இருபத்திரண்டு வருஷமாக டூவீலர் மெக்கானிக். ஸ்டார்ட் ஆகாத வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவரிடம், பிளக்கைக் கூடக் கழற்றிப் பார்க்காமல் ‘இன்ஜினை இறக்கணும்’ என்று நான் சொன்னால் அல்சூரில் ஒரு வாரம் கடை நடத்த முடியாது. பிளக் மாற்றினால் இவ்வளவு, கார்புரேட்டர் கிளீன் செய்தால் இவ்வளவு, அதிலும் சரியாகவில்லை என்றால் இன்ஜின் வேலை இவ்வளவு என்று முதலில் சொல்லிவிட வேண்டும். கழற்றிய பழைய பாகத்தை வண்டிக்காரர் கையில் கொடுக்க வேண்டும். எட்டாவது தாண்டாத என் கடைப் பையனுக்கே இது தெரியும்.

சரி, பணத்துக்கு வருகிறேன். கையில் 8,000 இருந்தது, ஜிபே செய்தேன். மீதிக்கு ‘வட்டியில்லாத தவணை போட்டுக்கலாம் சார், ஃபார்மாலிட்டிதான்’ என்று சொல்லி ஆதார், பான் இரண்டையும் போட்டோ எடுத்துக்கொண்டார். போனுக்கு ஓடிபி வந்தது. வெரிஃபிகேஷனுக்கு என்று கேட்டார், சொன்னேன். அதைச் சொன்னது என் தப்புதான், வீட்டில் அதற்கு வேண்டிய அளவு வாங்கிக் கட்டிக்கொண்டேன். டேப்லெட்டில் ஆங்கிலத்தில் ஏழு பக்கம். எங்கே விரலால் கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் காட்டினார்கள். ஒரு வரியைக்கூட யாரும் படித்துச் சொல்லவில்லை, தமிழில் வேண்டாம், கன்னடத்தில்கூடச் சொல்லவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து எஸ்எம்எஸ் வந்தது: 24,500 ரூபாய் கடன் வழங்கப்பட்டது, மாதம் 2,042, பன்னிரண்டு மாதம். அதைப் பார்த்துத்தான் எனக்கே நான் கடன்காரன் என்று தெரிந்தது.

என் கடைக்கு ஆக்டிவா சர்வீஸுக்கு விடும் ஒரு டாக்டரம்மா சிவாஜிநகர் பக்கம் சின்னதாக பல் கிளினிக் வைத்திருக்கிறார். 13-ஆம் தேதி புதன்கிழமை அவரிடம் போனேன். முதலில் உங்கள் கிளை எடுத்த எக்ஸ்ரேயைக் கேட்டார். நான் உங்களுக்குப் போன் செய்தேன். ‘சிஸ்டத்துல இருக்கு சார், வெளியே கொடுக்க மாட்டோம்’ என்றார்கள். என் வாய்க்குள் எடுத்த படம்! வேறு வழியில்லாமல் இன்னொரு எக்ஸ்ரே 300 ரூபாய்.

அவர் பஞ்சைக் குளிர வைத்துப் பல்லில் ஒற்றினார், கூச்சம் எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணினார். பக்கத்துப் பல்லிலும் வைத்து ஒப்பிட்டார். கருவியின் பிடியால் பல்லைத் தட்டினார். ஒரு பிளாஸ்டிக் குச்சியை ஒவ்வொரு மூலையாகக் கடித்து விடச் சொன்னார், விரிசல் இருந்தால் விடும்போது சுருக்கென்று குத்துமாம். எனக்குக் குத்தவில்லை. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்பாக எதுவும் இல்லை என்று காட்டினார். பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பல்லின் படத்தை வரைந்தார். மேலே எனாமல், அதற்குள் டென்டின், நடுவில் உயிர் உள்ள சதை, நரம்பும் ரத்தக் குழாயும் அங்கேதான். என் பல்லில் எனாமல் பெயர்ந்து டென்டின் வெளியே தெரிகிறது. டென்டினில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதால் சில்லென்று பட்டால் உள்ளே நரம்புக்கு எட்டுகிறது. தண்ணீரை விழுங்கியதும் கூச்சம் அடங்கினால் உள்ளே சதை நன்றாக இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அடங்காமல் நின்று வலித்தாலோ, தானாக வலித்தாலோ, தூக்கத்தில் எழுப்பினாலோதான் ரூட் கெனால் பற்றி யோசிக்க வேண்டும். ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போடுவதும் சரிதான், இல்லாவிட்டால் மெல்லும் அழுத்தத்தில் பிளந்துவிடும் என்றார். உங்கள் டாக்டர் சொன்னது தப்பான வைத்தியம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. என் பல்லுக்கு அது இப்போது தேவையில்லை என்பதுதான் விஷயம்.

அந்தப் படத்துக்குக் கீழேயே விலையையும் எழுதினார். பல் நிறத்தில் காம்போசிட் என்ற பிசின் வைத்து மூலையைக் கட்டுவது 1,800. அது மறுபடி உடைந்தால், உடைந்த பகுதிக்கு மட்டும் லேபில் செய்து ஒட்டும் ஆன்லே 7,000. பல்லைச் சுற்றிலும் ராவி முழுசாக மூடுவதென்றால் மெட்டல் மேல் செராமிக் ஏற்றிய கேப் 5,000, ஜிர்கோனியா 12,000. ‘நன்றாக இருக்கிற பல்லைச் சுற்றி ராவிவிட்டால் திரும்ப வராது, அதனால் குறைவாகக் கை வைப்பதிலிருந்து ஆரம்பிப்போம்’ என்றார். என்றைக்காவது ரூட் கெனால் தேவைப்பட்டால் 5,500, கேப் தனி. பிளவு வேருக்குள் நீளமாக இறங்கியிருந்தால் மட்டும் பல்லை எடுக்க வேண்டியிருக்கும், அதன் பிறகுதான் பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பிரிட்ஜ், இம்ப்ளான்ட் பேச்சு. பணம் இடிக்கிறது என்றால் விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வரிசையில் நிற்கத் தயார் என்றால் அங்கே போங்கள் என்றும் சொன்னார். தன்னிடம் வந்த ஆளை வேறு இடத்துக்கும் போகலாம் என்று சொல்கிறார், பாருங்கள். உடைந்த துண்டைப் பொட்டலமாக மடித்துக் கொண்டுபோயிருந்தேன். சிரித்துவிட்டு, முன்பல்லாக இருந்தால் இதையே ஒட்டிப் பார்த்திருப்பேன் என்றார்.

அன்றைக்கே அடைத்தார். பல்லைச் சுற்றி ஈரம் படாமல் ரப்பர் ஷீட் கட்டி, மெல்லிய அடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் நீல லைட் காட்டி இறுக வைத்தார். கலர் கார்பன் பேப்பரைக் கடிக்கச் சொல்லி, மேடாக நின்ற இடத்தைத் தேய்த்துவிட்டார். முக்கால் மணி நேரம், 1,800 ரூபாய். நாலு வாரம் ஆகிறது, இடது பக்கமும் சாப்பிடுகிறேன், கூச்சம் போய்விட்டது. நல்லி எலும்பை மட்டும் விட்டுவிட்டேன்.

14-ஆம் தேதி உங்கள் கிளை மேலாளரைப் பார்த்து, சிகிச்சை வேண்டாம், பணத்தைக் கொடுங்கள், கடனை நிறுத்துங்கள் என்றேன். முன்பணம் திரும்ப வராது, ஐந்தாம் பக்கத்தில் போட்டிருக்கிறது, நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்றார். அச்சு எடுக்கவில்லை, கேப்புக்கு ஆர்டர் போகவில்லை, உடைந்த பல்லை ராவ மெஷினே எடுக்கவில்லை. பிறகு எதற்காக 8,000 என்றால் பதில் இல்லை. கடனைப் பற்றி ஃபைனான்ஸ் கம்பெனியைக் கேளுங்கள் என்றார். அவர்களைக் கேட்டால், பணம் கிளினிக் கணக்குக்குப் போய்விட்டது, அவர்கள் ரத்து செய்து திருப்பி அனுப்பினால்தான் கடனை மூட முடியும் என்கிறார்கள். உங்கள் செயலியில் இரண்டு முறை புகார் போட்டேன். இரண்டும் ‘தீர்க்கப்பட்டது’ என்று பச்சை டிக்கோடு மூடப்பட்டிருக்கின்றன. செப்டம்பர் 5 அன்று என் பேங்க் கணக்கிலிருந்து முதல் தவணை 2,042 எடுத்துவிட்டார்கள். நடக்காத வைத்தியத்துக்கு நான் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த வருஷம் கடையைப் பெரிதாக்க பேங்க் லோன் கேட்டிருக்கிறேன். தவணையை நிறுத்தினால் சிபில் ஸ்கோர் இறங்கும், அந்தப் பயத்தில்தான் கணக்கில் பணம் வைத்திருந்தேன்.

நான் கேட்பது அதிகம் இல்லை. கிளீனிங் நடந்தது உண்மை, உங்கள் கவுன்டர் பலகையில் உள்ளபடி அதற்கு 1,200 ரூபாயைப் பிடித்துக்கொள்ளுங்கள். 99 ரூபாயும் உங்களுக்கே. மீதி 6,800, என்னிடம் எடுத்த தவணை 2,042, நீங்கள் எக்ஸ்ரே தராததால் மறுபடி எடுத்த 300, மொத்தம் 9,142 ரூபாய் என் கணக்குக்கு வர வேண்டும். 24,500 ரூபாயை ஃபைனான்ஸ் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பி, கடன் மூடப்பட்டதற்கான கடிதத்தை வாங்கித் தர வேண்டும். என் எக்ஸ்ரேயும், அன்றைக்கு டாக்டர் எழுதிய குறிப்பும் வேண்டும். ரூட் கெனால் தேவை என்று எந்தப் பரிசோதனையை வைத்து முடிவு செய்தார் என்று அவர் கையெழுத்தோடு எழுத்தில் வேண்டும், டேப்லெட் காட்டியவரின் கையெழுத்து வேண்டாம்.

பதினைந்து நாள் பார்ப்பேன். அதற்குள் நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, பெங்களூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். காசு வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. இதெல்லாம் என் கடைக்கு வரும் ஒரு வக்கீல் சொன்னது. அவர் புல்லட்டுக்கு கிளட்ச் பிளேட் மாற்றிக்கொண்டிருந்தபோது சொன்னார்.

ஜிபே ரசீது, கடன் எஸ்எம்எஸ், பேங்க் கணக்குப் பக்கம், டாக்டரம்மா எழுதிய சீட்டின் இரண்டு பக்கமும், இரண்டாவது எக்ஸ்ரேயின் நகல் எல்லாம் இணைத்திருக்கிறேன். பகல் ஒன்பதரையிலிருந்து இரவு எட்டு வரை கடையில் இருப்பேன். போன் செய்தால் தமிழிலோ கன்னடத்திலோ பேசுங்கள். பேசி முடித்ததை எழுத்திலும் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
நோயாளி எண் ரசீதில் உள்ளபடி