அதிபத்தரும் நோன்புக் கஞ்சியும்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மூன்றாம் வகுப்புக்கு இனி நீதான் சமயக் கல்வி எடுக்கப்போகிறாய் என்று சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைவு. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த மாநகராட்சிப் பள்ளியில் இந்தப் பாடமே கிடையாது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்று நம் அரசியலமைப்பின் 28-வது பிரிவு சொல்கிறது. நீதிபோதனை வகுப்போடு சரி. நீ இருக்கும் இங்கிலாந்தில் நேர்மாறாக, அரசுப் பள்ளியில் நடத்தியே ஆகவேண்டும். ஆனாலும் எந்தப் பிள்ளையையும் எதையும் கும்பிட வைப்பது உன் வேலையில்லை. பக்கத்து வீட்டில் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று புரியவைத்தால் போதும்.

அதனால் ஆறு மதம், ஆறு சார்ட், கடவுள் பெயர், நூல் பெயர் என்று தொடங்காதே. ஏழு வயசுப் பிள்ளை அதை ஒப்பித்துவிட்டு மறந்துபோகும். மனிதர்கள் செய்யும் ஒரு காரியத்தில் தொடங்கு.

ரம்ஜானுக்கு நம் திருவல்லிக்கேணியையே எடுத்துக்கொள். 1795-இல் கட்டிய வாலாஜா பள்ளிவாசலில் சாயங்காலம் நோன்பு திறக்க எத்தனை பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்! அவர்களுக்கு மயிலாப்பூர் சூஃபிதார் ஆலயத்துத் தொண்டர்கள் சமைத்து எடுத்துவந்து பரிமாறுகிறார்கள். பிரிவினையில் சிந்துவை விட்டு வந்த இந்துக் குடும்பங்கள் அவர்கள். இதைச் சொன்னால் கேள்விகள் தானாக வரும். தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்களா? சின்னப் பிள்ளைகளும் இருக்கணுமா? தண்ணீரும் கிடையாது, சின்னப் பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் கட்டாயமில்லை. ரம்ஜான் வருஷாவருஷம் 11 நாள் போல முன்னால் நகரும். உங்கள் ஊர்க் கோடையில் வந்தால் எவ்வளவு நேரம் பட்டினி என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல். நோன்புக் கஞ்சியில் என்னென்ன போடுவார்கள் என்பதையும் விடாதே, அதுதான் அவர்களுக்கு நிற்கும்.

இந்து சமயத்துக்கு அறுபத்து மூவர் விழாவைச் சொல்லலாம். மாடவீதியில் நீர்மோர்ப் பந்தல், வரிசையாக வரும் நாயன்மார்கள். அவர்களில் குயவர் உண்டு, வண்ணார் உண்டு, காரைக்கால் அம்மையார் உண்டு. கதைக்கு அதிபத்தரை எடு. நாகப்பட்டினத்து மீனவர், வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். ஒரே மீன் கிடைத்த நாட்களிலும் அப்படித்தான், வீட்டில் பட்டினி. கடைசியில் அந்த ஒன்று பொன்மீனாக வந்தது, அதையும் விட்டார். நீ அங்கே கதையை நிறுத்தி, "நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேள். கண்ணப்பர் கதை வேண்டாம். கண்ணைப் பிடுங்குவதைக் கேட்டுவிட்டு அந்த வயசில் ராத்திரி தூங்காது.

அப்புறம், வகுப்பில் இரண்டு இந்துப் பிள்ளைகள் என்றாயே. "உங்கள் வீட்டில் எப்படி, எழுந்து சொல்லு" என்று கேட்டுவிடாதே. வீட்டில் பூஜையே இல்லாமல் இருக்கலாம். எல்லோரும் திரும்பிப் பார்க்கும்போது அந்தப் பிள்ளை எதையாவது கற்பனை செய்து சொல்லும், இல்லையென்றால் கூனிக்குறுகிப்போகும். தானாகக் கை தூக்கினால் ஆசையாகக் கேள். முஸ்லிம் பிள்ளைக்கும் இதேதான்.

"எதுதான் உண்மை?" என்று ஒருவன் கேட்காமல் இருக்கமாட்டான். மழுப்பாதே. இவர்கள் இப்படி நம்புகிறார்கள், அவர்கள் அப்படி, கடவுளே இல்லை என்பவர்களும் இருக்கிறார்கள், உன் அம்மா அப்பாவிடமும் கேள் என்று சொல். நீ என்ன நம்புகிறாய் என்று கேட்டால் ஒரு வரியில் உள்ளதைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போ.

பிள்ளையை அந்த வகுப்பில் உட்காரவைக்க வேண்டாம் என்று யாராவது பெற்றோர் எழுதிக்கொடுத்தால் வருத்தப்படாதே. அங்கே சட்டம் அவர்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. திரும்பி வரும் பிள்ளையிடம் முகம் மாறாமல் இருந்தால் சரி.

பங்குனியில் அறுபத்து மூவர் அன்று போட்டோ எடுத்து அனுப்புகிறேன். பந்தல் வேண்டுமா, பல்லக்கு வேண்டுமா, எழுது.

அன்புடன்,
அம்மா